காற்றும் காற்றும் மோதுமிடம்: பெருநிறை இரட்டை விண்மீன்களைப் பற்றிக் கதிரலைகள் கூறுவன

இச்சொற்பொழிவின் பொருளை நான் தேர்ந்தமைக்கு என் பிழையொன்றே காரணம். சில ஆண்டுகளுக்கு முன்னர், ஆசிரியர் பயிலரங்கு ஒன்றுக்காக வானியல் கலைச்சொற்பட்டியல் ஒன்றைப் பார்த்துத் திருத்தித் தரும் பணி என்னிடம் வந்தது. சந்திப்பிழைகளைக் களைந்தேன், ஒருமை பன்மை மயக்கங்களை நீக்கினேன். 'வெப்பமற்ற கதிர்வீச்சு' என்றொரு தொடர் அதில் இருந்தது. இலக்கணத்தில் குற்றமில்லை என்று கண்டு அதை அப்படியே விட்டுவிட்டேன். பயிலரங்கு முடிந்தபின் இடைநிலைப்பள்ளி மாணவி ஒருத்தி என்னிடம் வந்து, "ஐயா, மோதுகிற இடத்தில் ஒரு கோடி பாகைச் சூடு என்று இந்தப் பக்கத்தில் இருக்கிறது. அதே இடத்திலிருந்து வெப்பமற்ற கதிர்வீச்சு வருகிறது என்று அடுத்த பக்கத்தில் இருக்கிறது. இரண்டில் எது சரி?" என்று கேட்டாள்.

இரண்டும் சரி, சொல்தான் தவறு. ஆனால் அன்று எனக்கு அது தெரியாது. மொழியியலன் ஒருவன் பொருளறியாமல் சொல்லைத் திருத்தினால் என்ன நேரும் என்பதற்கு நானே சான்றாக நின்றேன். அதன்பின் பல மாதங்கள் இப்பொருளைப் பற்றிக் கிடைத்தவற்றையெல்லாம் படித்தேன், அறிந்தோரிடம் கேட்டேன். அம்மாணவிக்கு அன்று சொல்லியிருக்க வேண்டிய விடையை இங்கு எழுதுகிறேன்.

விடைக்கு முன், ஒரு வானொலிப் பெட்டியிலிருந்து தொடங்க வேண்டும். அறுபதுகளின் இறுதியில், சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டமொன்றின் லயத்து வீட்டில் நாங்கள் குடியிருந்தோம். பிற்பகலில் மலைப்பக்கம் கறுத்து வரும்பொழுது, இடியோசை காதில் விழுவதற்கு நெடுநேரம் முன்பே எங்கள் வீட்டு வானொலி கரகரக்கத் தொடங்கும். பாட்டு நடுவே ஒரு வெட்டு, பிறகு இன்னொன்று. என் தாயார் பாட்டைப் பற்றிக் கவலைப்படமாட்டார். எழுந்து போய்க் கொடியிலிருந்த துணியை எடுப்பார். எங்கோ தொலைவில் மின்னல் வெட்டியபோது அங்குள்ள மின்னணுக்கள், அதாவது எலக்ட்ரான்கள், திடீரென விசையுடன் உந்தப்பட்டன. உந்தப்படும் மின்னூட்டம் அலையை வெளியிடும். அவ்வலையைத்தான் பெட்டி பிடித்தது. துகள்கள் முடுக்கப்பட்டதைத் தொலைவிலிருந்து கதிரலையால் அறிதல் என்னும் பெரிய ஆய்வுமுறையை எங்கள் வீட்டில் துணி உலர்த்துவதற்குப் பயன்படுத்தி வந்தோம் என்று இப்பொழுது தோன்றுகிறது.

இவ்வியல் பிறந்ததும் ஏறக்குறைய இவ்வாறே. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் பணியாற்றிய கார்ல் ஜான்ஸ்கி என்னும் பொறியாளர், கடல்கடந்த தொலைபேசி உரையாடலைக் கெடுத்த கரகரப்பின் மூலத்தைத் தேடினார். அருகிலுள்ள இடிமழை ஒரு வகை. தொலைவிலுள்ள இடிமழை இன்னொரு வகை. மூன்றாவதாக ஓயாத மெல்லிய இரைச்சல் ஒன்று எஞ்சியது. அது நாள்தோறும் 24 மணி நேரத்திற்கு ஒருமுறை அன்றி, 23 மணி 56 நிமிடத்திற்கு ஒருமுறை உச்சம் கொண்டது. அது விண்மீன்கள் வானைச் சுற்றிவரும் கால அளவு. ஆகவே, இரைச்சல் ஞாயிற்றிலிருந்தோ புவியிலிருந்தோ வரவில்லை. பால்வீதியிலிருந்து வருகிறது என்று 1933இல் அவர் அறிவித்தார். அந்த இரைச்சலை எழுப்புபவை ஒளியின் வேகத்தை நெருங்கி ஓடும் எலக்ட்ரான்கள் என்பது 1950களில்தான் தெளிவாயிற்று. அவற்றை அவ்வளவு வேகத்திற்கு யார் உந்தினார் என்ற வினாவுக்கு இன்னும் முழு விடை வரவில்லை. அவ்விடையின் ஒரு பகுதிதான் நாம் பார்க்கப்போகும் இரட்டை விண்மீன்கள்.

இங்கே ஒரு சொல்லைத் தெளிவாக்கிக் கொள்வோம். 'வானொலி' என்பது அழகிய ஆக்கம். நம் நாவில் நிலைத்துவிட்டது. எனினும் அதை வானியலுக்குள் கொண்டுசென்று 'வானொலி வானியல்' என்றால், விண்மீன்கள் ஏதோ ஓசை எழுப்புவதாகவும் அதை நாம் செவிமடுப்பதாகவும் மாணவர் எண்ணிவிடுவர். அங்கே ஒலி இல்லை. வருவது ஒளியின் இனத்தைச் சேர்ந்த அலையே. நீளம் மட்டும் மிகுதி. எனவே இக்கட்டுரையில் 'கதிரலை' என்றே எழுதுகிறேன்.

காற்று என்னும் சொல்

இரட்டை விண்மீன் நமக்குப் புதிதன்று. சங்கப் பாடல்கள் வடமீன் என்று குறிப்பதும், திருமணத்தில் அம்மி மிதித்தபின் அருந்ததி என்று காட்டப்படுவதும் ஒன்றே. அதற்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு ஒளிர்வது வசிட்டன். மேலை நாட்டார் மிசார் என்றழைக்கும் அவ்வசிட்டனைத் தொலைநோக்கியில் பார்த்தால் அதுவே இரண்டாகத் தெரியும். அவ்விரண்டில் ஒன்று மீண்டும் இரண்டு என்று 1889இல் நிறமாலையைக் கொண்டு கண்டறிந்தனர். ஆனால் அவை நடுத்தர நிறையுடையவை, அமைதியான குடும்பத்தினர். நம் பேச்சு அவற்றைப் பற்றியதன்று.

நாம் பேசுவது பெருநிறை விண்மீன்களைப் பற்றி. ஞாயிற்றைப்போல் எட்டு மடங்கிற்கு மேல், பலவேளை இருபது முப்பது மடங்கு நிறையுடையவை. பலவற்றின் மேற்பரப்பு வெப்பம் 30,000 பாகையைத் தாண்டும். சில 50,000 பாகையையும் எட்டும். இத்தகைய விண்மீனின் ஒளியே அதன் மேற்பரப்பு வாயுவைப் பிடித்துத் தள்ளிவிடும் அளவு வலியது. அவ்வாறு ஓயாமல் வெளியே பாயும் வாயுவை 'விண்மீன் காற்று' என்பர். ஞாயிற்றுக்கும் காற்று உண்டு. நொடிக்குச் சுமார் 400 கிலோமீட்டர் வேகத்தில் வீசுகிறது. அதைத் தமிழ்மண்ணிலிருந்தே அளந்து வருகின்றனர் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும்.

நீலகிரியில் உதகைக்கு அருகே முத்தோரை என்னும் ஊரில் ஒரு கதிரலைத் தொலைநோக்கி உண்டு. டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த கோவிந்த் ஸ்வரூப் தம் இளம் குழுவினருடன் அதை 1970இல் செயல்படச் செய்தார். நீளம் 530 மீட்டர்; அகலம் 30 மீட்டர். தட்டையன்று, அரை உருளைபோல் வளைந்த நெடிய தொட்டியெனலாம். அதன் பரப்பு தகடன்று. இழுத்துக் கட்டிய 1,100 எவர்சில்வர்க் கம்பிகள். இதில் நான் வியப்பது வேறொன்று. உதகை நிலநடுக்கோட்டிலிருந்து சுமார் 11 பாகை வடக்கே உள்ளது. தெற்கு வடக்காக அதே 11 பாகைச் சரிவுள்ள மலைப்பக்கத்தைத் தேடிப் பிடித்து, அச்சரிவின்மீது தொலைநோக்கியைக் கிடத்தினர். அதனால் அதன் நீள அச்சு புவியின் சுழல் அச்சுக்கு இணையாகிவிட்டது. புவி சுழலச் சுழல, தொட்டியை அவ்வொரே அச்சில் மெல்லத் திருப்பினால் போதும். ஒரு விண்மீனை ஒன்பது மணி நேரத்திற்கு மேல் தொடர்ந்து நோக்கலாம். விலையுயர்ந்த பொறிக்குப் பதிலாக ஒரு மலைச்சரிவு வேலை செய்தது. ஞாயிற்றுக் காற்றின் ஊடே வரும் தொலைதூரக் கதிரலைகள் எவ்வாறு மினுக்குகின்றன என்பதைக் கொண்டு அக்காற்றின் வேகத்தைக் கணிக்கும் ஆய்வுகள் அங்குப் பல ஆண்டுகளாக நடந்தன, பி. கே. மனோகரன் அத்துறையில் பெயர் பெற்றவர்.

ஞாயிற்றுக் காற்று தென்றல் என்றால், பெருநிறை விண்மீனின் காற்றைச் சூறாவளி என்றாலும் போதாது. வேகம் நொடிக்கு 1,000 முதல் 3,000 கிலோமீட்டர். ஈப்போவிலிருந்து கோலாலம்பூருக்கு நெடுஞ்சாலையில் சுமார் 200 கிலோமீட்டர். அத்தொலைவை அக்காற்று ஒரு நொடியில் பத்து முறை கடக்கும். அளவோ அதனினும் மிகுதி. 1867இல் பாரிசு வானாய்வகத்தில் சார்லஸ் உல்ஃப், ஜார்ஜ் இராயே என்னும் இருவர் அன்னம் என்னும் விண்மீன் கூட்டத்தில் விந்தையான நிறமாலையுடைய மூன்று விண்மீன்களைக் கண்டனர். அவ்வினம் இன்று அவர்கள் பெயரால் 'உல்ஃப்–இராயே விண்மீன்கள்' எனப்படுகிறது. தம் மேலாடையான நீரியத்தைப் பெரும்பாலும் இழந்து உள்ளுடல் தெரிய நிற்பவை அவை. அவ்வகை விண்மீன் ஒன்று ஓராண்டில் ஞாயிற்று நிறையின் நூறாயிரத்தில் ஒரு பங்கைக் காற்றாக இழக்கும். சிறிது என்று தோன்றலாம். கணக்கிட்டால் மூன்று புவிகளின் நிறை. ஆண்டுதோறும் மூன்று புவி.

இனி, அத்தகைய இரண்டு விண்மீன்கள் ஒன்றையொன்று சுற்றுகின்றன என்று கொள்வோம். இரு காற்றும் நடுவே எங்கோ எதிர்ப்பட வேண்டும். கிந்தா ஆறு பேராக் ஆற்றில் கலக்குமிடத்தில் வலிய நீரோட்டம் மெலிந்ததைக் கரையோரம் ஒதுக்குவதுபோல், இங்கும் வலிய காற்று மெலிந்த காற்றை அதன் விண்மீனை நோக்கித் தள்ளும். ஆகவே மோதுமிடம் நட்ட நடுவில் அமையாது. மெலிந்ததன் பக்கமாக, அதைப் போர்த்தினாற்போல் வளைந்து நிற்கும். மோதலில் வாயு திடீரென நிற்கிறது. பின்வருவது அதன்மேல் வந்து விழுகிறது. அவ்வெல்லையில் அடர்த்தியும் வெப்பமும் ஒரே தாவலில் உயர்கின்றன. அதுவே 'அதிர்ச்சி முகப்பு'. அங்கே வெப்பம் ஒரு கோடிப் பாகையை எட்டி, எக்ஸ் கதிர்கள் எழுகின்றன. மாணவி படித்த முதற்பக்கம் இதுதான்.

முடுக்கு

'முடுக்கம்' என்பது பள்ளி இயற்பியலில் நாம் நன்கறிந்த சொல். அதன் வேரான 'முடுக்கு' என்பதற்கு விரைவுபடுத்து, துரத்து, திருகு என்றெல்லாம் பொருள். சாவி கொடுத்துக் கடிகாரத்தை முடுக்கியதை முதியோர் நினைவுகூர்வர். பெயராக நின்றால் அது குறுகிய சந்தையும் குறிக்கும். இரு மதிலுக்கிடைப்பட்ட இடுக்கு. இவ்விரு பொருளும் ஒருங்கே பொருந்தும் நிகழ்ச்சி இயற்கையில் உண்டு என்று நான் எதிர்பார்க்கவில்லை.

மேசைப்பந்து ஒன்றை மேசைமேல் குதிக்கவிட்டு, மட்டையை அதன்மேல் கவிழ்த்து மெல்லக் கீழே இறக்கிப் பாருங்கள். பந்து மேசைக்கும் மட்டைக்கும் இடையே படபடவென்று அடிபடும். இடைவெளி குறையக் குறைய அதன் வேகம் கூடும். நெருங்கிவரும் இரு சுவர்களுக்கிடையே அகப்பட்ட பந்து, ஒவ்வோர் அடியிலும் சிறிது ஆற்றல் பெறுகிறது. அதிர்ச்சி முகப்பின் இருபுறமும் உள்ள காந்தப்புலச் சிக்கல்கள் இச்சுவர்களைப்போல் செயல்படுகின்றன. முகப்பிலிருந்து பார்த்தால் ஒருபுற வாயு விரைந்தும் மறுபுற வாயு தளர்ந்தும் ஓடுவதால், இரு சுவர்களும் ஒன்றையொன்று நெருங்குவனவாகவே துகளுக்குப் படும். எலக்ட்ரானோ புரோட்டானோ இப்பக்கமும் அப்பக்கமும் எறியப்பட்டு, முகப்பை மீண்டும் மீண்டும் கடக்கிறது. என்ரிக்கோ ஃபெர்மி 1949இல் இக்கருத்தின் முதல் வடிவைத் தந்தார். 1977, 1978ஆம் ஆண்டுகளில் வெவ்வேறு நாட்டு அறிஞர் பலர் தனித்தனியே அதை அதிர்ச்சி முகப்புக்குரியதாகச் செம்மைப்படுத்தினர்.

ஒரு சுற்றில் கிடைக்கும் ஆதாயம் நூற்றுக்கு ஒன்று என்ற அளவே. ஆனால் அது கூட்டு வட்டி. முதலோடு வட்டி சேர்ந்து வளரும். ஒவ்வொரு சுற்றிலும் சில துகள்கள் தப்பி ஓடிவிடும். எஞ்சியவை மேலும் செல்வம் சேர்க்கும். முடிவில் ஏழைகள் பலர், செல்வர் சிலர், பெருஞ்செல்வர் மிகச் சிலர் என்று ஒரு படிவரிசை அமைகிறது. வலிய அதிர்ச்சி முகப்பில் வாயு நான்கு மடங்கு அடர்கிறது. அந்த நான்கு என்னும் எண்ணிலிருந்தே இப்படிவரிசையின் சரிவைக் கணக்கிட்டுவிடலாம். ஆற்றல் பத்து மடங்கு கூடினால், அவ்வாற்றலை ஒட்டிய சம அகலமுள்ள இடைவெளியில் எண்ணிக்கை நூறில் ஒன்றாகும். இயற்கையில் இவ்வளவு எளிய கணக்கு அரிது.

இத்தகைய எலக்ட்ரான் காந்தப்புலத்தில் சுருளாகச் சுழலும்போது கதிரலையை வெளியிடுகிறது. அதைச் 'சிங்க்ரோட்ரான் கதிர்வீச்சு' என்பர். 1947இல் அமெரிக்காவில் சிங்க்ரோட்ரான் என்னும் முடுக்கிப் பொறியில் அது முதன்முதல் கண்ணுக்குத் தெரிந்ததால் அப்பெயர். இதனை 'ஒத்தியங்கு கதிர்வீச்சு' என்று ஆக்குவோர் உளர். நான் உடன்படவில்லை. ஒத்தியங்குதல் அந்தப் பொறியின் இயல்பே தவிர, விண்மீனின் இயல்பன்று. விண்மீன்களுக்கிடையே எதுவும் எதனோடும் ஒத்தியங்கவில்லை. பொறியின் பெயரைப் பெயராகவே எழுதிவிடுவது பிழை குறைந்த வழி.

இப்போது நம் சொற்பிழைக்கு வருவோம். சூடான வாயுவில் துகள்கள் தம்முள் மோதி மோதி ஆற்றலைப் பகிர்ந்துகொள்ளும். அப்பகிர்வை வெப்பநிலை என்னும் ஒரே எண்ணால் சொல்லிவிடலாம். அதிலிருந்து வரும் கதிர்வீச்சும் அவ்வெண்ணைப் பொறுத்ததே. அது வெப்பஞ்சார்ந்தது. ஆனால் முன்சொன்ன பெருஞ்செல்வத் துகள்கள் அப்பகிர்வில் சேராதவை. அவற்றின் கதிர்வீச்சை எந்த வெப்பநிலையும் விளக்காது. ஆகவே அது வெப்பத்தைச் சாராதது. வெப்பம் இல்லாதது அன்று. தமிழில் 'அற்ற' என்பது இன்மையைச் சுட்டும். 'சாரா' என்பது உறவின்மையைச் சுட்டும். 'மதமற்றவர்' என்பதும் 'மதஞ்சாராத அமைப்பு' என்பதும் ஒன்றாகா என்பதை மாணவரே அறிவர். 'வெப்பஞ்சாராக் கதிர்வீச்சு' என்று நான் எழுதியிருக்க வேண்டும். ஒரு கோடிப் பாகை வாயுவும், அவ்வெப்பத்தோடு கணக்கில் சேராத சில துகள்களும் ஓரிடத்தில் ஒருங்கே இருக்கலாம். மாணவி கேட்டதற்கு விடை இதுவே.

2003 முதல் பல ஆண்டுகள் நம் பள்ளிகளில் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்தில் நடந்தன. அக்கொள்கை மாறிய பிறகும் 2016 முதல் இருமொழித் திட்டம் வந்து, சில பள்ளிகளில் தமிழ்வழி அறிவியல் மீண்டும் ஒதுங்கியது. அதன் நன்மை தீமையை இங்கே வழக்காட நான் வரவில்லை. ஆனால் அக்காலத்தில் பயின்று இன்று ஆசிரியராயிருப்போர் பலர், தமிழ்க் கலைச்சொல்லை ஆங்கிலச் சொல்லின் நிழலாகவே அறிகின்றனர். நிழலைப் பார்த்து உருவத்தின் பின்னத்தை அறிய முடியாது. அந்த மாணவி தமிழ்ச் சொல்லைத் தமிழாகவே படித்தாள்; அதனால்தான் முரண்பாட்டைக் கண்டாள்.

தொலைநோக்கிகள் கண்டவை

வெப்பஞ்சார்ந்த அலையையும் சாரா அலையையும் பிரித்தறிவது எப்படி? அதிர்வெண்ணை மாற்றிப் பார்ப்பதே வழி. பெருநிறை விண்மீனின் காற்று தன் வெப்பத்தால் வெளியிடும் கதிரலை, அதிர்வெண் குறையக் குறைய மங்கும். சிங்க்ரோட்ரான் அலையோ அதிர்வெண் குறையக் குறைய வலுக்கும். முன்சொன்ன நான்கு மடங்குக் கணக்கின்படி, அதிர்வெண் நான்கில் ஒன்றானால் அலை இரு மடங்காகும். ஒன்று ஏறுமலை, மற்றது இறங்குமலை. ஆகவே தாழ்ந்த அதிர்வெண்ணில் நோக்கும் தொலைநோக்கிக்கு இங்கே தனிப்பயன் உண்டு.

அவ்வகையில் உலகின் முன்னணிக் கருவிகளுள் ஒன்று புனேக்கு வடக்கே நாராயண்காவ் அருகிலுள்ள கோடாட் என்னும் சிற்றூரில் இருக்கிறது. பெரும் மீட்டரலைக் கதிரலைத் தொலைநோக்கி என்பது அதன் பெயர், ஜி.எம்.ஆர்.டி. என்று சுருக்கமாகச் சொல்வர். உதகையில் கற்ற பாடத்தோடு ஸ்வரூப் எழுப்பியது. ஒவ்வொன்றும் 45 மீட்டர் விட்டமுள்ள 30 வட்டில்கள், 25 கிலோமீட்டர்ப் பரப்பில் பரந்து நின்று ஒரே தொலைநோக்கியாக இயங்குகின்றன. வட்டிலின் முகத்திலும் தகடு இல்லை. இழுத்துக் கட்டிய மெல்லிய கம்பி வலை. காற்று ஊடுருவிப் போய்விடும். எடையும் செலவும் குறையும். ஏறத்தாழ 120 முதல் 1,450 மெகாஹெர்ட்ஸ் வரை அது நோக்கும். நம் பண்பலை வானொலி முடியும் 108 மெகாஹெர்ட்ஸுக்குச் சற்று மேலேயே தொடங்குகிறது என்றால் அதன் இடம் விளங்கும்.

முதலில் டபிள்யூ.ஆர். 147 என்னும் அன்னக் கூட்டத்து இரட்டையைச் சொல்ல வேண்டும். அது பாடநூல் எடுத்துக்காட்டு. அதன் இரு விண்மீன்களுக்கும் இடைப்பட்ட கோணம் சுமார் 0.6 விகலை. பாகை, கலை, விகலை என்பவை பஞ்சாங்கத்தில் பழகிய நம் அளவைகள்; ஒரு பாகையில் 60 கலை, ஒரு கலையில் 60 விகலை. பத்து காசு நாணயத்தை ஆறு கிலோமீட்டருக்குச் சற்று அப்பால் வைத்துப் பார்த்தால் அந்த 0.6 விகலை வரும். அவ்வளவு நுண்ணிய இடைவெளியை இங்கிலாந்தின் மெர்லின் தொலைநோக்கி வரிசை பிரித்துக் காட்டியது. உல்ஃப்–இராயே விண்மீனிருந்த இடத்தில் வெப்பஞ்சார்ந்த அலை. துணைவிண்மீனுக்குச் சற்று முன்னே, காற்றுகள் மோதவேண்டிய இடத்திலேயே, வெப்பஞ்சாரா அலை. 1997இல் வெளிவந்த அப்படம், ஏட்டுக் கணக்கை இடஞ்சுட்டி மெய்ப்பித்தது.

டபிள்யூ.ஆர். 140 அதனினும் உயிரோட்டமுள்ளது. அங்குள்ள இரு விண்மீன்களும் ஏறத்தாழ 7.9 ஆண்டுக்கு ஒருமுறை, மிக நீண்ட நீள்வட்டத்தில் சுற்றுகின்றன. மிக நெருங்கும்போது இடைவெளி ஞாயிறு–புவித் தொலைவின் ஒன்றரை மடங்கு. விலகும்போது சுமார் 28 மடங்கு. அதற்கேற்பக் கதிரலை பெருகியும் சுருங்கியும் தோன்றும். நெருங்கும்போதுதானே மோதல் கடுமை, அலையும் பெருக வேண்டாமா என்று கேட்கலாம். மோதல் கடுமையே. ஆனால் அப்போது மோதுமிடம் உல்ஃப்–இராயே காற்றின் அடர்ந்த உட்பகுதியில் அமிழ்ந்துவிடுகிறது. எழுந்த அலையை அக்காற்றே விழுங்கிவிடுகிறது. பால்மரக்காட்டில் விடியுமுன் தலைவிளக்கோடு நடப்பவர் மூடுபனி அடர்ந்த பள்ளத்தில் இறங்கினால் வெளிச்சம் மறைவதுபோல. விளக்கு அணையவில்லை. அமெரிக்காவில் ஹவாயி முதல் விர்ஜின் தீவுகள் வரை பரந்த பத்துத் தொலைநோக்கிகளை ஒருங்கிணைத்து, ஷான் டௌகெர்ட்டி குழுவினர் இதனைப் பலமுறை படமெடுத்து 2005இல் வெளியிட்டனர். வில்லாக வளைந்த ஓர் ஒளிர்வு, விண்மீன்கள் சுற்றச் சுற்றத் தானும் திரும்புவது அப்படங்களில் தெரிந்தது. ஒவ்வொரு நெருக்கத்திலும் உருவான தூசி வளையங்கள் குறைந்தது 17 வரை, ஒன்றன்பின் ஒன்றாக விரிந்து நிற்பதை 2022இல் வெப் விண்வெளித் தொலைநோக்கி காட்டியது. மரத்தின் ஆண்டு வளையம்போல் எண்ணலாம்.

எல்லாம் இவ்வாறு எளிதில் இசைந்து வருவதில்லை. நம் தெற்கு வானில் வெறுங்கண்ணுக்கே தெரியும் காமா வேலோரம் என்னும் விண்மீன் ஒன்றுண்டு. சுமார் 1,100 ஒளியாண்டுத் தொலைவில், நமக்கு மிக அருகிலிருக்கும் உல்ஃப்–இராயே விண்மீன் அதில்தான் இருக்கிறது. துணையோடு 78.5 நாளுக்கு ஒருமுறை சுற்றுகிறது. ஃபெர்மி விண்வெளித் தொலைநோக்கியின் தரவுகளில் அத்திசையிலிருந்து காமா கதிர் வருவது 2016இல் அறிவிக்கப்பட்டது. காமா கதிர் வந்தால் துகள் முடுக்கம் நடக்கிறது என்று பொருள். எனவே அர்ஜென்டினாவைச் சேர்ந்த பவுலா பெனாக்லியா தலைமையிலான குழு ஜி.எம்.ஆர்.டி.யை அதன்பால் திருப்பியது. கிடைத்தது ஏறுமலை மட்டுமே. காற்றின் வெப்பஞ்சார்ந்த அலை. சிங்க்ரோட்ரான் அலைக்கு அடையாளமே இல்லை. அப்படியானால் முடுக்கம் இல்லையா? அவசரப்படலாகாது. இரு விண்மீன்களும் மிக நெருங்கியவை. மோதுமிடம் எப்போதும் அடர்காற்றின் ஆழத்திலேயே இருக்கிறது. அக்காற்றைக் காமா கதிர் துளைத்து வரும். நீண்ட கதிரலை வராது. ஒரே விளக்கை இரண்டு கண்கள் பார்க்கின்றன. பனியைத் துளைக்கும் ஆற்றல் ஒன்றுக்குத்தான் உண்டு. இல்லாமையை விடவும் காணாமையைப் புரிந்துகொள்வது கடினம் என்பதை இந்த ஆய்வு எனக்குக் கற்பித்தது.

அதே பெனாக்லியாவும் புனேயின் ஈஸ்வர சந்திராவும் உள்ளிட்ட குழு, அன்னக் கூட்டத்தின் பெரும்பரப்பை 325, 610 மெகாஹெர்ட்ஸில் ஆராய்ந்து 2020 முதல் முடிவுகளை வெளியிட்டு வருகிறது. தாழ்ந்த அதிர்வெண்ணில் இறங்குமலை எங்கே திரும்பி வீழ்கிறது என்று பார்ப்பது அங்கே முதன்மையான வேலை. வீழும் இடத்தைக் கொண்டு, இடையே நிற்கும் காற்றின் அடர்த்தியைக் கணிக்கலாம்.

காற்றின்றிக் காந்தமே மோதும் இரட்டையும் உண்டு. ஓநாய்க் கூட்டத்து எப்சிலான் லூப்பி என்பதன் இரு பெருநிறை விண்மீன்களுக்கும் வலிய காந்தப்புலம் இருப்பதை 2015இல் கண்டனர். 4.6 நாளுக்கொரு சுற்று. புனேயைச் சேர்ந்த அயன் பிஸ்வாஸ் முதலியோர் ஜி.எம்.ஆர்.டி.யாலும் தென்னாப்பிரிக்காவின் மீர்கேட்டாலும் நோக்கியபோது, இரண்டும் நெருங்கும் வேளையில் கதிரலை பொங்கி எழுந்தது. இரு காந்தப்புலங்களும் உராய்ந்து, அறுந்து, மீண்டும் பிணையும்போது எலக்ட்ரான்கள் உந்தப்படுகின்றன என்பது அவர்கள் முடிவு. 2023இல் வெளிவந்தது.

துகள்களை முடுக்கும் பெருநிறை இரட்டைகளின் பட்டியலை மைக்கேல் டி பெக்கரும் ரௌக்கும் 2013இல் தொகுத்தபோது அதில் 43 இடம்பெற்றன. அவற்றிலிருந்து தப்பி ஓடும் துகள்களும் பால்வீதியில் அலைந்து, அண்டக்கதிர்களின் கூட்டத்தில் சேர்கின்றன. அவற்றின் பங்கு எவ்வளவு, வெடித்த விண்மீன்களின் பங்கு எவ்வளவு என்பதில் வழக்கு நடக்கிறது. அண்டக்கதிர்கள் நம் காற்றுமண்டலத்தில் மோதிப் பொழியும் துகள் மழையை அளக்க உதகையிலேயே கிரேப்ஸ்–3 என்னும் ஆய்வுக்களம் இயங்குகிறது. ஒரே மலையூரில், துகளின் கதிரலையை நோக்க ஒரு கருவியும் துகளையே பிடிக்க ஒரு கருவியும்.

காமா வேலோரத்தைப் பார்க்க விரும்பும் மாணவர்க்கு வழி சொல்கிறேன். மார்ச் மாதத்தில், இரவு பத்து மணியளவில், விளக்குகள் குறைந்த இடத்தில் தெற்கு நோக்கி நில்லுங்கள். நான் வளர்ந்த தோட்டத்தில் பால்மரங்கள் போய்ச் செம்பனை வந்துவிட்டது, லயங்களும் இல்லை. ஆனால் பழைய பெரட்டுக் களம் இருந்த மேட்டில் தென்வானம் இன்னும் மறைப்பின்றித் தெரிகிறது. தென்மேற்கே தாழ்வாக, மிகப் பளிச்சென்று வெண்ணிறமாக ஒளிர்வது அகத்தியர் மீன். கையை முழுதும் நீட்டி விரல்களை விரித்தால் வரும் ஒரு சாண் அளவு அதற்கு இடப்புறமாக, சற்று மேலே பாருங்கள். அங்கே அமைதியாக நிற்பதுதான் அது. டபிள்யூ.ஆர். 140ஐ வெறுங்கண்ணால் காண முடியாது. 2024 நவம்பரில் அதன் இரு விண்மீன்களும் நெருங்கிக் கடந்தன. அடுத்த நெருக்கம் 2032இல்.